அவரைக்குளத்தார் சந்தையை வென்ற சதுரங்கம்

அவரைக்குளம் என்னும் ஊர் எங்கே இருக்கிறது என்று வழிப்போக்கர் எவரேனும் கேட்டால், அவ்வூரார் குனிந்து தம் காலடி மண்ணைக் காட்டி, "இதோ, இங்கதான் இருக்கு" என்று பணிவோடு விடை சொல்வார்கள். அவ்விடையில் பிழை ஏதும் இல்லை. அவர்கள் சொல்லிய எதிலும் பிழை இருந்ததில்லை என்பதே அவ்வூரின் சிறப்பு. அதன் துன்பமும் அதுவே.

அவ்வூரில் ஒரு மரபு உண்டு. பொதுச்சொத்து எதுவானாலும் அதனை ஒரே வீட்டில் வைக்கமாட்டார்கள். உறுப்பு உறுப்பாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் காவலுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்கிணற்றின் கயிறு ஒரு வீட்டில், கப்பி ஒரு வீட்டில், வாளி வேறொரு வீட்டில். அம்மூன்று வீட்டாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஆகையால் அவரைக்குளத்துக் கிணற்றில் எந்தக் கோடையிலும் நீர் நிறைந்தே இருந்தது. அயலூரார் அதனைக் கண்டு வியந்தனர். வாங்கிய பொருளை வாங்கியது வாங்கியபடியே வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் விளக்கேற்றுவதற்குள் வீடு சேர்க்க வேண்டும் என்பவை அம்மரபின் விதிகள்.

இவ்வாறு பிரிக்க முடியாதிருந்த பொதுச்சொத்து ஒன்றே ஒன்றுதான். அது புதன்கிழமைச் சந்தை.

அச்சந்தையை நம்பிப் பிழைத்தவர்களுள் முதன்மையானவள் பணியாரம் சுட்டு விற்கும் பேச்சியக்கா. வாரம் முழுவதும் அவள் வீட்டு அடுப்பு எரிவது புதன்கிழமை விற்ற பணியாரத்தால்தான். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. மாவுப்பானையைத் தலையில் ஏற்றினால் வீட்டிலிருந்து சந்தைத்திடல் வரைக்கும் நடப்பாள். அதற்குமேல் ஓரடியும் எடுத்துவைக்கமாட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் தாழங்கரை என்றோர் ஊர் இருந்தது. அவ்வூரார் ஒருநாள் திடீரென்று சந்தை தங்களுக்கே உரியது என்று வழக்குத் தொடுத்தனர். சந்தைக்கு வரும் மாடுகள் தங்கள் கரையில்தான் தண்ணீர் குடிக்கின்றன என்பது அவர்கள் காட்டிய நியாயம். குடித்த நீரை அம்மாடுகள் தங்கள் ஊரில்தான் விடுகின்றன என்பது அவரைக்குளத்தார் காட்டிய எதிர்நியாயம். இரண்டும் உண்மையாக இருந்தமையால் வழக்கு ஜமீன்தாரிடம் போயிற்று.

ஜமீன்தார் அப்போது தம் ஆட்டத்துணைவர் வரதராசலுவோடு சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் நாள்தோறும் தோற்பது வழக்கம். ஆயினும் தோற்கும் நேரத்தில் மாட்டு நியாயம் பேச வந்தவர்கள்மீது அவருக்குச் சினம் மூண்டது.

"வர்ற பௌர்ணமிக்கு ரெண்டு ஊரும் இங்க வந்து சதுரங்கம் ஆடுங்க. ஜெயிச்ச ஊருக்குச் சந்தை. இப்ப வெளியில போங்க" என்றார்.

தாழங்கரையார் சிரித்துக்கொண்டே வெளியேறினர். அவர்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த உலகநாதர், கடையில் கூட்டமில்லாத வேளைகளில் சதுரங்கம் ஆடிப் பழகியவர். அவரைக்குளத்தாரும் சிரித்துக்கொண்டே வெளியேறினர். எதிரே வருபவர் சிரித்தால் திருப்பிச் சிரிப்பது அவ்வூர் வழக்கம்.

ஊருக்கு வந்த பிறகுதான் மணியக்காரர் பொன்னுரங்கம் கேட்டார்: "சதுரங்கம்னா என்னப்பா?"

எவரும் அறியவில்லை. பேச்சியக்காவுக்கு மட்டும் ஒன்று விளங்கியது. "அது என்ன எழவோ எனக்குத் தெரியாது. தோத்தா நான் இந்தக் காலை வச்சுக்கிட்டு ஆத்தைத் தாண்டணும். மாவு அம்புட்டும் மீனுக்குத்தான் போகும்" என்றாள்.

ஒரு பக்கத்தார் விளையாட்டையே அறியாதிருப்பது நியாயமன்று என்று கருதிய ஜமீன்தார், வரதராசலுவை ஒரு பகற்பொழுதுக்கு அவரைக்குளத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் பலகையும் காய்களுமாக வண்டியில் வந்து இறங்கினார். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது எப்படி நகரும் என்று காட்டினார். ஊரார் வாய்மூடிக் கேட்டனர். பிறகு, புதிதாய் ஆடுபவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சூட்சுமங்களைச் சொல்லத் தொடங்கினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. முதல்ல நடுவைப் பிடிங்க. நடுவைப் பிடிச்சவன் கையில பலகையே இருக்கும். அடுத்தது, காய் எதுவும் வீட்டுல தூங்கப்படாது. எல்லாம் வெளியில வந்து வேலை பார்க்கணும். ராஜாவைச் சீக்கிரமா ஒரு மூலையில பத்திரமா வச்சிருங்க. ராஜா போனா ஆட்டம் போச்சு. தன் ராஜாவைத் தானே சாய்ச்சுட்டா, தோத்தேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். காயை நகர்த்துறதுக்கு முன்னால, எதிராளிக்கு என்ன வேணும்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. முன்னால தடையில்லாத சிப்பாயை நிறுத்தாதீங்க, ஓடவிடுங்க. ஆனா ஒண்ணு, சிப்பாய் முன்னாலதான் போகும், பின்னால வராது. தொட்ட காயை நகர்த்தியே தீரணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சுங்க" என்றது ஊர்.

அவ்வளவு விரைவில் அவ்வளவு பேருக்கும் விளங்கியதைக் கண்ட வரதராசலுவுக்கு உள்ளூர ஓர் அச்சம் தோன்றியது. ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பலகையையும் ஒரு பக்கத்துக் காய்களையும் பயிற்சிக்கென்று விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வண்டியேறினார்.

காய்கள் பதினாறும் பொதுச்சொத்து ஆகையால், அவை உடனே பதினாறு வீடுகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. பேச்சியக்காவுக்கு ஓரத்துச் சிப்பாய் ஒன்று கிடைத்தது. அதனை அவள் இரு கைகளாலும் வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "சிப்பாய் ஒண்ணு, மூக்குக் கொஞ்சம் மழுங்கியிருக்கு. நான் மழுக்கல. வாங்கும்போதே இப்படித்தான். எல்லாரும் பார்த்துக்குங்க" என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பயிற்சி தொடங்கிற்று. முதற்பாடம் நடுவைப் பிடித்தல். ஊரார் பலகையைச் சூழ்ந்து நின்று நெடுநேரம் உற்றுப் பார்த்தனர்.

"நடுவுல கட்டத்தையே காணோமே" என்றார் மணியக்காரர்.

அவ்வூரில் பட்டணம் கண்டு வந்தவன் சுப்பக்குட்டி ஒருவனே. பட்டணத்து எல்லையில் வண்டி குடைசாய்ந்து அங்கிருந்தே அவன் திரும்பிவிட்டான் எனினும், ஊர் அவன் சொல்லைத் தட்டியதில்லை. அவன் நூல் பிடித்து அளந்து, நான்கு கட்டங்கள் கூடும் முனையைக் காட்டி, "இதுதான் நடு" என்றான்.

"இம்புட்டுச் சின்ன இடத்துல எந்தக் காய்டா நிக்கும்?"

"நிக்கவைக்கச் சொல்லலியே மாமா. பிடிக்கத்தானே சொன்னாரு? பிடிக்கிறதுக்கு ஒரு விரல் போதும்."

ஊர் இவ்விளக்கத்தை ஏற்றது. விரல் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. வேறு வேலை எதுவும் இல்லாதவன் என்ற தகுதியால் வெள்ளைச்சாமி தேர்ந்தெடுக்கப்பட்டான்.

"எந்தக் கை விரலுங்க?" என்று கேட்டான் வெள்ளைச்சாமி.

"சாப்பிடுற கை வேண்டாம்ப்பா. ஆட்டம் எம்புட்டு நேரம் போகுமோ" என்றார் மணியக்காரர்.

வெள்ளைச்சாமி இடக்கைச் சுட்டுவிரலைப் பலகையின் நடுமுனையில் அழுத்தி வைத்தான். ஒரு விரல் அவ்வளவு பொறுப்போடு ஓரிடத்தில் இருந்ததை அவ்வூர் அதற்குமுன் கண்டதில்லை.

இரண்டாம் பாடம், காய் வீட்டில் தூங்கலாகாது என்பது. அதன்படி ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் காயைக் கூரைமேல் நிற்கவைத்துவிட்டு உறங்கப் போயினர். விடியற்காலையில் காகம் ஒன்று மந்திரியை எடுத்துச் சென்றது. மந்திரியைக் காத்த வீட்டார் அழுது புரண்டனர்.

"அழாதீக. மந்திரி வெளியில போய் வேலைதான பார்க்குறாரு? அதைத்தான அவரும் சொன்னாரு" என்று சுப்பக்குட்டி தேற்றினான். மந்திரி வேலை முடிந்து திரும்பும்வரை அவரிடத்தில் ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய் அமர்த்தப்பட்டது.

மூன்றாம் பாடம்தான் மிகப் பெரியது. ராஜாவை மூலையில் பத்திரமாக வைக்க வேண்டும். ராஜா போனால் ஆட்டம் போகும். ஆட்டம் போனால் சந்தை போகும். ஊர் கூடி ஆராய்ந்தது.

"எந்த மூலை?" என்றார் மணியக்காரர்.

"சொல்லமாட்டேன்" என்றான் சுப்பக்குட்டி.

"ஏன்டா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா உங்க வீட்டு அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா தாழங்கரைக்குத் தெரியும். அப்புறம் எங்கிட்டுப் பத்திரம்?"

அவ்வாதத்தில் குறை காண ஒருவராலும் இயலவில்லை. மணியக்காரரின் மனைவி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அதுவே சான்றாகிவிடும் என்று அஞ்சி மூடிக்கொண்டாள். சுப்பக்குட்டி ராஜாவைத் துண்டில் முடிந்துகொண்டு தனியே போய், வெறுங்கையோடு திரும்பி வந்தான். இனி எவர் கேட்டாலும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்தான்.

பௌர்ணமி வந்தது. காலையிலேயே ஜமீன் மாளிகைக் கூடத்தில் இரண்டு ஊராரும் திரண்டனர். நடுவே வழவழப்பான கல்மேடை; அதன்மேல் அவரைக்குளத்தார் கொண்டுவந்த பலகை; பலகைமேல் வெள்ளைச்சாமியின் விரல். வழிநெடுகிலும் அவன் விரலை எடுக்கவேயில்லை. அவனையும் பலகையையும் சேர்த்தே வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தார்கள்.

"இது என்ன விரல்?" என்று கேட்டார் உலகநாதர்.

"நடுவைப் பிடிச்சிருக்கோம்" என்றார் மணியக்காரர்.

உலகநாதர் ஜமீன்தாரைப் பார்த்தார். ஜமீன்தார் வரதராசலுவைப் பார்த்தார். வரதராசலு தரையைப் பார்த்தார். பலகைமீது விரல் இருக்கலாகாது என்று விதி எங்கும் இல்லை என்பதால் விரல் அனுமதிக்கப்பட்டது.

பிறகு பதினைந்து வீட்டாரும் வரிசையாக வந்து, தங்கள் காயைத் தாங்களே அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே அமர்ந்தார்கள். ராஜாவின் கட்டம் காலியாக இருந்தது.

"உங்க ராஜா எங்க?" என்றார் ஜமீன்தார்.

"பத்திரமா இருக்காருங்க."

"எங்கய்யா?"

மணியக்காரர் சுப்பக்குட்டியைப் பார்த்தார். சுப்பக்குட்டி கூரையைப் பார்த்தான். "சொன்னா அது பத்திரமாங்களா?" என்று பணிவோடு கேட்டான்.

"ராஜாவே இல்லாம நான் யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டார் உலகநாதர்.

"அந்தக் கவலையைத்தான் உங்களுக்கு வச்சிருக்கோம்" என்றான் சுப்பக்குட்டி.

ஜமீன்தார் அதட்டிப் பார்த்தார். சத்தியம் சத்தியமாகவே நின்றது. முடிவில், ஏதேனும் ஒரு பொருளை ராஜா என்று வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். மணியக்காரர் தம் மடியைத் துழாவி, நெடிய பொடிடப்பாவை எடுத்து ராஜாவின் கட்டத்தில் நிறுத்தினார். அது பித்தளை டப்பா. உச்சியில் குமிழ் வைத்தது. உண்மையான ராஜாவைக் காட்டிலும் அதற்குக் களை அதிகம் என்று பலரும் சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்கியது. உலகநாதர் ஒரு சிப்பாயை நகர்த்தினார். இப்போது அவரைக்குளத்தின் முறை. மணியக்காரர் பலகையை நோக்காமல் உலகநாதரை நோக்கி, "உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார்.

"எனக்கா?"

"ஆமாங்க. கேட்டுட்டுத்தான் நகர்த்தணும்னு சொல்லியிருக்காங்க."

உலகநாதர் வியாபாரி. என்ன வேண்டும் என்று பிறரைக் கேட்டே வாழ்ந்தவர். அவரை ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறை. சற்றுத் தயங்கி, வேடிக்கையாக, "அந்தக் குதிரையைக் குடுங்களேன்" என்றார்.

அவரைக்குளத்தார் கூடிப் பேசினர். குதிரை வீட்டார் கண் கலங்கினாலும், வாய்விட்டுக் கேட்டவருக்கு இல்லை என்பது எப்படி என்று ஒப்புக்கொண்டனர். குதிரை, அவர் கைக்கு எட்டும் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டது. அவர் அதனை வெட்டினார். அடுத்த முறையும் கேட்டார்கள். யானையைக் கேட்டார், வந்தது. கத்தரிக்காயைக் கேட்டார், வந்தது. அது காம்புவரைக்கும் வாடியிருந்தமையால் அதனைக் காய் என்று கணக்கில் சேர்ப்பதா கறி என்று சேர்ப்பதா என்று தாழங்கரையாருக்குள்ளேயே சிறு பேச்சு எழுந்தது.

கேட்டுக் கேட்டு வாங்குவதில் மனிதனுக்கு ஒரு கட்டத்தில் கூச்சம் வரத்தான் செய்யும். அப்போதெல்லாம் உலகநாதர், "இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்பார். அவ்வேளைகளில், ஓரத்தில் தடையின்றி நின்ற பேச்சியக்காவின் சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போகும்.

"போடா என் ராசா, போ. ஓடவிடச் சொல்லியிருக்காக" என்று பேச்சியக்கா அதனை அனுப்பிவைப்பாள். பெரிய காய்களை அள்ளுவதில் மும்முரமாக இருந்த உலகநாதர், ஓரத்தில் நடந்துகொண்டிருந்த மூக்கு மழுங்கிய சிப்பாயைப் பொருட்படுத்தவில்லை.

இதற்கிடையே உலகநாதருக்கு விளங்காத இடையூறு ஒன்று இருந்தது. அவர் நன்கு திட்டமிட்டு, அவரைக்குளத்து ராஜாவுக்கு வலை பின்னி, இன்னும் ஒரே நகர்த்தலில் பிடித்துவிடலாம் என்று இருக்கும்போதெல்லாம் மணியக்காரருக்குப் பொடி போடும் ஆசை வந்துவிடும். அவர் ராஜாவை எடுத்து, தட்டி, திறந்து, ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு மூடுவார்.

"தொட்டாச்சு! நகர்த்தணும்!" என்று தாழங்கரையார் கூவுவார்கள்.

மணியக்காரரும் விதிக்குக் கட்டுப்பட்டு ராஜாவைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிடுவார். வலை வெறுமையாய் நிற்கும். நெடுநாள் ஆடித் தேர்ந்தவர்களும் அறியாத அத்தற்காப்பு அவருக்கு மூக்கின் வழியாகவே கைவந்தது.

ஆயினும், எத்தனை முறை பொடி போட்டாலும் கொடுத்த காய்கள் திரும்பி வருமா? மாலை வெயில் கூடத்துக்குள் நீண்டபோது, அவரைக்குளத்தாரிடம் எஞ்சியவை தம் ஓரத்துக்கே வந்து ஒதுங்கிவிட்ட பொடிடப்பாவும், இரண்டு மூன்று சிப்பாய்களும், எதிர்க்கரையைத் தொட்டுவிட்ட பேச்சியக்காவின் சிப்பாயும்தான்.

அதனை முதலில் கண்டவர் ஜமீன்தார். அவர் எழுந்தே விட்டார். "ஏ, சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போயிருச்சய்யா! அதை ராணியா மாத்திக்கலாம். மாத்துங்க! தாழங்கரை ராஜா தப்பிக்க வழியில்ல. சந்தை உங்களுக்குத்தான்!"

உலகநாதரின் முகம் வெளுத்தது. மணியக்காரர் வெட்டுப்பட்டுக் கிடந்த ராணியை எடுக்கக் கை நீட்டினார். பேச்சியக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன மாத்துறது? சிப்பாய்ன்னு வாங்குனேன். சிப்பாய்ன்னுதான் திருப்பிக் குடுப்பேன்."

"அக்கா, ராணி பெருசுக்கா" என்றான் சுப்பக்குட்டி.

"பெருசா இருந்தா எனக்கென்னடா? நாளைக்கு ஊரு கூடி, பேச்சி, உங்கிட்டக் குடுத்த சிப்பாய் எங்கடின்னு கேட்டா, அவன் ராணியாப் போயிட்டான்னு சொல்லவா? எவளாவது நம்புவாளா?"

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தாங்கள் நம்பமாட்டோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது.

"சந்தை போயிருமே பேச்சி. உனக்குத்தான முதல்ல அடி?" என்றார் மணியக்காரர்.

பேச்சியக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். கண்ணில் நீர் திரண்டது. "சந்தை போனா விழுந்து எந்திரிச்சு ஆத்தைத் தாண்டிக்கிறேன். திருடின்னு பேரெடுத்துட்டு எந்த ஆத்தைத் தாண்டுறது மாமா? அதெல்லாம் வேண்டாம். பொழுது சாயுது. விளக்கு வைக்கிறதுக்குள்ள எம் பிள்ளையை இந்தப் பக்கம் கொண்டுவாங்க."

"சிப்பாய் பின்னால வராதும்மா" என்றார் வரதராசலு. அன்று அவர் வாய்திறந்தது அதுவே முதல்முறை.

அவரைக்குளத்தார் கவலையில் ஆழ்ந்தனர். அது சந்தையைப் பற்றிய கவலையன்று. சிப்பாய் வீடு திரும்புவதைப் பற்றிய கவலை. ஜமீன்தார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது சுப்பக்குட்டி எழுந்தான்.

"சிப்பாய் நம்ம பக்கம் வரமாட்டான். சரி. நம்ம பக்கம் சிப்பாய்கிட்டப் போகலாமுல்ல?"

"எப்படிடா போகும்?"

"பலகையைத் திருப்பிருவோம்."

சொல்லி முடிக்குமுன் நான்கு பேர் பலகையின் நான்கு மூலைகளையும் பற்றினர். வெள்ளைச்சாமியின் விரல் நடுமுனையில் அச்சாணிபோல் அசையாது நின்றது. பலகை வழவழத்த கல்லின்மேல் அவ்விரலைச் சுற்றிச் செக்குப்போல் அரைச்சுற்று வந்து நின்றது. ஒரு காயும் அசையவில்லை. பேச்சியக்காவின் சிப்பாய் அவள் மடிக்கு நேரே வந்து சேர்ந்தான். அவள் அவனை எடுத்து, மூக்கைப் பார்த்து, "மேற்கொண்டு மழுங்கல" என்று ஊருக்கு அறிவித்துவிட்டுச் செருகிக்கொண்டாள்.

இப்போது தாழங்கரையின் பெரும்படை முழுவதும் அவரைக்குளத்தாரின் முன்னே நின்றது. உலகநாதரின் முன்னே இரண்டு மூன்று சிப்பாய்களும் ஒரு பொடிடப்பாவும் நின்றன.

"இது அக்கிரமம்!" என்று குதித்தார் உலகநாதர்.

ஆண்டுக்கணக்காக நாள்தோறும் வரதராசலுவிடம் தோற்றுவந்த ஜமீன்தாருக்கு, இப்படியொரு நகர்த்தல் உலகத்தில் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அதனைச் செல்லாது என்று தீர்ப்பளிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தொட்டதை நகர்த்தணும். அவங்க பலகையைத் தொட்டாங்க, பலகையை நகர்த்துனாங்க. இதுல என்ன தப்பு? காய் யாருக்கு முன்னால நிக்குதோ அவருக்குச் சொந்தம். இப்ப உம்ம முறை" என்றார்.

"அப்படின்னா நானும் திருப்புவேன்" என்று உலகநாதர் பலகையைப் பற்றினார்.

"திருப்புறதுன்னா நடுவைப் பிடிக்கணுமுங்க. நடு எங்ககிட்ட இருக்கு" என்றான் வெள்ளைச்சாமி.

உலகநாதர் அவன் விரலை விலக்க முயன்றார். அவ்வூரில் வேறு வேலையே இல்லாதவனிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதனை அவனிடமிருந்து பறிப்பது எளிதன்று. உலகநாதர் வியர்த்து ஓய்ந்து உட்கார்ந்தார். அவரும் பொடிப் பழக்கம் உள்ளவர். அன்று அவசரத்தில் தம் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். காலையிலிருந்து எதிரே திறந்து திறந்து மூடிய ராஜாவின் மணம் அவரை வாட்டி எடுத்திருந்தது.

அவர் படும் பாட்டைக் கண்டு மணியக்காரருக்கு இரக்கம் சுரந்தது. "உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமய்யா. ஒரு சிட்டிகை பொடி குடும், போதும்."

"உங்க பக்கந்தான இருக்கு. எடுத்துக்குங்க."

உலகநாதர் ராஜாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, ஆசை தீர இழுத்தார். அது அவரைக்குளத்துப் பொடி. மிளகாய் காயும் முற்றத்தில் இடித்தது. அவர் டப்பாவை மூடிக் கட்டத்தில் வைக்கவும் தும்மல் வரவும் சரியாக இருந்தது. அத்தும்மலில் மாளிகைப் புறாக்கள் பறந்தன. ராஜா தலைகுப்புறச் சாய்ந்து, பலகையை விட்டு உருண்டு, வரதராசலுவின் காலடியில் போய் நின்றது.

"தன் ராஜாவைத் தானே சாய்ச்சுட்டா..." என்று தொடங்கினார் ஜமீன்தார்.

"தோத்தேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம்!" என்று அவரைக்குளம் ஒரே குரலில் முடித்தது. பாடத்தை அவர்கள் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

சந்தை அவரைக்குளத்துக்கே என்று தீர்ப்பாயிற்று. அன்று மாலையே ஜமீன்தார் வரதராசலுவை ஆட்டத்துக்கு அழைத்ததாகவும், பலகையின் நடுவே விரல் வைப்பதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆளை அமர்த்தியதாகவும், வரதராசலு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியதாகவும் கேள்வி.

அவரைக்குளத்தார் வெற்றியோடு ஊர் திரும்பினர். பேச்சியக்கா விளக்கேற்றுமுன் சிப்பாயை வீடு சேர்த்தாள். ஆனால் மணியக்காரருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஊரைக் கூட்டினார்.

"சந்தையை ஜெயிச்சுட்டோம். அது பெருசில்ல. தாழங்கரைக்காரன் சும்மா இருப்பானா? நாளைக்கே வந்து மறுபடியும் கேப்பான். அதைப் பத்திரமா ஒரு இடத்துல வைக்கணும்."

"சுப்பக்குட்டி வச்ச ராஜாவை இன்னிக்கு வரைக்கும் எவனாலயும் கண்டுபிடிக்க முடியல" என்று கூட்டத்தில் எவரோ நினைவூட்டினர். அது மறுக்க முடியாத தகுதி. சந்தையைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு சுப்பக்குட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது.

புதன்கிழமை விடிந்தது. பேச்சியக்கா மாவுப்பானையோடு சந்தைத்திடலுக்கு வந்தாள். திடலில் ஒரு நாய் படுத்திருந்தது. வண்டி இல்லை, மாடு இல்லை, வியாபாரிகள் இல்லை.

"டேய் சுப்பக்குட்டி! சந்தை எங்கடா?"

"பத்திரமா இருக்குக்கா."

"அது தெரியுதுடா. நான் பணியாரம் விக்கணுமில்ல? எங்கிட்ட மட்டும் சொல்லு."

ராஜாவுக்குத்தான் சத்தியம் செய்திருந்தான், சந்தைக்குச் செய்யவில்லை. ஆகவே சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவள் காதில் சொன்னான். விடியுமுன்னே பாதையில் நின்று வண்டிகளையெல்லாம் மடக்கி, ஆற்றுக்கு அக்கரையில், தாழங்கரையில், உலகநாதர் கடைக்கு எதிரிலேயே சந்தையைக் கூட்டிவிட்டு வந்திருந்தான்.

"தாழங்கரைக்காரன் நம்ம சந்தையை ஊரு ஊராத் தேடுவான்க்கா. ஆனா அவன் சொந்த ஊருலயா தேடப்போறான்?"

பேச்சியக்கா சற்று நேரம் யோசித்தாள். அவன் மூளையை எண்ணி அவளுக்குப் பெருமை பொங்கியது. பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மணியக்காரர் ஒரு கையையும் வெள்ளைச்சாமி மறு கையையும் பற்றிக்கொள்ள, ஆற்றில் இறங்கினாள். பாதி மாவு மீனுக்குப் போயிற்று. மீதி மாவில் அவள் சுட்ட பணியாரத்தின் மணம் தாழங்கரைத் தெருவை நிறைத்தது.

முதல் ஆளாக வந்தவர் உலகநாதர். அவர் சூடான பணியாரத்தை வாயில் இட்டு ஊதி ஊதித் தின்றுகொண்டே, தம் கடைவாசலில் நிறைந்து நின்ற வண்டிகளையும் மாடுகளையும் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பேச்சியக்கா அவரை அருகே வரும்படி சைகை காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஐயா, நீங்க நல்லவுக, அதனால சொல்றேன். சந்தை இங்கதான் நடக்குதுன்னு உங்க ஊர்க்காரங்க யாருகிட்டயும் சொல்லிப்புடாதீக."